கூடப் போனவர்கள்

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையை ஒட்டிப் போகும் ராமகிருஷ்ண மடம் சாலையில் தெற்கு பார்த்து நடக்க ஆரம்பித்தால், பெரிதாக எங்கும் திரும்பாமல் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில் வரை போய்விடலாம். ஒரு சிவன் கோயிலில் தொடங்கி இன்னொரு சிவன் கோயிலில் முடிகிற பாதை. நடுவில் ஓர் ஆறு. பெயர் மட்டும் மாறிக்கொண்டே வரும்: ராமகிருஷ்ண மடம் சாலை, துர்காபாய் தேஷ்முக் சாலை, திரு.வி.க. பாலம், டாக்டர் முத்துலட்சுமி சாலை, கல்கி கிருஷ்ணமூர்த்தி சாலை. கடைசி இரண்டு பெயரையும் சொல்லி ஆட்டோ கேட்டால் ஓட்டுநர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். எல்.பி. ரோடு என்றால்தான் வண்டி நகரும்.

மாலை நேரத்தில் குளத்தைச் சுற்றி நடப்பவர்களின் பேச்சில் பாதி அமெரிக்காவில் இருக்கும். "பையன் சியாட்டில்ல இருக்கான், மாட்டுப்பொண்ணும் கூட இருக்கா" என்பார்கள். வேலை உத்தரவு யார் பெயரில் வந்ததோ அவர் இருக்கிறார், மற்றவர் கூட இருக்கிறார். இந்தக் கணக்கு இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. நூறு வருடத்துக்கு முன்பே இந்தச் சாலையிலிருந்து தம்பதிகள் கடல் தாண்டி வேலைக்குப் போயிருக்கிறார்கள். கடல் தாண்டி இங்கே வேலைக்கு வந்தும் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுச்சென்றவை இன்றும் சாலையின் இருபுறமும் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கூடப் போனவரின் கணக்கில் வருபவை என்பது என் எண்ணம்.

கபாலீஸ்வரர் கோயிலில் பொட்டுக் கட்டிக்கொண்ட தேவதாசி மரபில் வந்தவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். அபிநயத்துக்கு அவர்தான் என்று அந்தக் காலத்து ரசிகர்கள் சொல்வார்கள், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கும் சொல்லிக்கொடுத்தவர். ஆற்றுக்கு அக்கரையில், நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், அடையாறு தியசாபிக்கல் சொசைட்டி (பிரம்மஞான சபை) தோட்டத்தையே வீடாகக் கொண்டு வளர்ந்தவர், பின்னாளில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி. ஆனால் ருக்மிணி கௌரி அம்மாளிடம் வந்து சேர்ந்த வழி மந்தைவெளி வழி அல்ல. ஆஸ்திரேலியா வழி.

மந்தைவெளியில் இப்போது சொல்வதற்கு அதிகம் இல்லை. மெட்ரோ ரயில் வேலைக்காக வைத்த தடுப்புத் தகடுகளுக்கு நடுவே வண்டிகள் ஊர்கின்றன. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் தடம் இது. இந்தச் சாலைக்கு அடியிலேயே வந்து ஆற்றின் வயிற்றுக்குள் புகுந்து அக்கரை ஏறுகிறது. சுரங்கம் தோண்டிய இயந்திரங்களுக்குக் காவேரி, அடையாறு என்று பெயர் வைத்தார்கள்.

கிரீன்வேஸ் சாலை பிரியும் இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஜே. கிருஷ்ணமூர்த்தியின் வசந்த விஹார் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. சொசைட்டியில் உலக குருவாக வளர்க்கப்பட்டவர் 1929 ஆகஸ்டில் ஹாலந்தில் ஓம்மன் முகாமில் தனக்காக அமைத்த சங்கத்தைத் தானே கலைத்தார். பிறகு சென்னைக்கு வந்தால் தங்குமிடம் ஆற்றுக்கு இக்கரை என்று ஆனது. இங்கிலாந்தில் சிறுவன் கிருஷ்ணமூர்த்திக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் அருண்டேல். ருக்மிணி தேவியின் கணவர்.

துர்காபாய் தேஷ்முக் சாலையில் ஆந்திர மகிளா சபாவும், ஒரு காலத்தில் எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டுடியோவாக இருந்த கல்லூரியும் உண்டு. துர்காபாயும் சி.டி. தேஷ்முக்கும் வேலையையே குடும்பமாக நடத்திய இன்னொரு தம்பதி. அது டெல்லிக் கதை, இங்கே வேண்டாம்.

பாலத்தில் ஏறினால் காற்று மாறிவிடும். இடப்பக்கம் முகத்துவாரம், அதைத் தாண்டிக் கடல். அக்கரையில் ஆற்றோரமாக அடர்ந்து தெரிகிற மரக்கூட்டம் தியசாபிக்கல் சொசைட்டி. நியூயார்க்கில் 1875இல் தொடங்கிய சங்கம், 1882இல் இந்தத் தோட்டத்தை வாங்கிக் குடிவந்தது. 1920இல் பம்பாயில் நடந்த ஒரு கல்யாணத்துக்காக மெட்ராஸே இந்தத் தோட்டத்தைத் திட்டித் தீர்த்தது: மணமகள் ருக்மிணிக்குப் பதினாறு வயது, நீலகண்ட சாஸ்திரியின் மகள், மணமகன் ஜார்ஜ் அருண்டேல், நாற்பதைத் தாண்டிய ஆங்கிலேயர். வயது வித்தியாசம் இன்றைக்கும் நெருடத்தான் செய்கிறது. அன்றைக்குக் கோபம் வயதைப் பற்றியதாக இல்லை.

பிறகு ஊர் ஊராக வேலை. 1926இல் ஆஸ்திரேலிய தியசாபிக்கல் சொசைட்டியின் பொதுச் செயலாளராக அருண்டேல் சிட்னிக்குப் போனார். பதவி அவருடையது, பத்திரிகை அவருடையது, மேடைப் பேச்சு அவருடையது. அங்கே சங்கத்தார் தொடங்கிய வானொலி நிலையத்துக்கு, எரித்துக் கொல்லப்பட்ட இத்தாலியத் தத்துவவாதி ஜியோர்டானோ புரூனோவின் முதலெழுத்துகளைச் சேர்த்து 2ஜிபி என்று பெயர் வைத்தார்கள். அது இன்றும் சிட்னியில் ஒலிபரப்பாகிறது. நேயர்கள் போனில் அரசியல் பேசிச் சண்டை போடுகிற நிலையம். பிரம்மஞானத்தை அதில் தேட வேண்டாம்.

ருக்மிணிக்கு அங்கே வேலை இல்லாமல் இல்லை. உலக இளம் தியசாபிஸ்டுகள் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். 1928இல் சொசைட்டித் தலைவர் அன்னி பெசன்ட் அவரை உலக அன்னையின் பிரதிநிதி என்றே அறிவித்தார். இருபத்துநாலு வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றிவைத்த பாரம் அது. யாரோ எழுதிய வேடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தன் வேலையை அவர் கண்டது கப்பலில். பம்பாயில் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நடனத்தைத் தம்பதி பார்த்திருந்தார்கள். பின்பு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் பாவ்லோவாவின் குழுவும் இவர்களும் ஒன்றாகப் பயணம் செய்ய நேர்ந்தது. நட்பு வளர்ந்து, பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்றார். உங்கள் நாட்டு நடனத்தைப் போய்ப் பாருங்கள் என்று பாவ்லோவா சொன்னதாக ருக்மிணி பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

1933இல் மியூசிக் அகாதமியில் சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) பார்த்தார். அதன் பிறகுதான் கௌரி அம்மாள். பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1935 டிசம்பரில், சொசைட்டியின் வைர விழாவில், அடையாறு தோட்டத்திலேயே மேடையேறி ஆடினார். முப்பது வயது தாண்டிய பிராமணப் பெண் சதிர் ஆடுகிறார் என்று ஊர் இரண்டாம் முறையாகத் திட்டியது. அப்போது சொசைட்டியின் தலைவர் அருண்டேல். அவர் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம், கூட நின்றார். 1936 ஜனவரி 6இல் கலாக்ஷேத்ராவாக வளரப்போகிற கலைக்கூடம் தொடங்கியது. சிட்னிக்கு அவர் பின்னால் இவர் போனதுபோல, அடையாற்றில் இவர் பின்னால் அவர் வந்தார். 1945 ஆகஸ்டில் இறக்கும்வரை அப்படித்தான்.

பக்கவாத்தியக்காரர்களை ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்க விடாமல் மேடையின் பக்கவாட்டில் உட்காரவைத்தது, உடை, ஒளியமைப்பு, அரங்க அலங்காரம் என்று எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்த்தது எல்லாம் பாலே அரங்குகளைப் பார்த்த ருக்மிணியின் கண்ணுக்கு வந்த பழக்கம். சிருங்காரத்தை அவர் வடிகட்டிய விதத்தைப் பாலசரஸ்வதி கடைசிவரை ஏற்கவில்லை. நான் அந்த விஷயத்தில் பாலா பக்கம். அதோடு இன்னொன்றும் உண்டு. கலை இந்தப் பாலத்தைத் தாண்டிய வேகத்தில், அதைத் தலைமுறைகளாக வைத்திருந்த குடும்பங்கள் தாண்டவில்லை. கௌரி அம்மாள் கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தார். அவரைப் போன்ற பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

அதே தோட்டத்துக்கு எதிர்த்திசையில் வந்த தம்பதி ஜேம்ஸ் கஸின்ஸ், மார்கரெட் கஸின்ஸ். 1915இல் அயர்லாந்திலிருந்து அன்னி பெசன்ட் அழைத்து வந்தார். வேலை ஜேம்ஸுக்கு: நியூ இந்தியா பத்திரிகையில். டப்ளினில் 1916 ஈஸ்டர் எழுச்சி நடந்தபோது அதைப் பாராட்டி எழுதினார், வேலை போயிற்று. இந்திய சுயாட்சிக்காகக் குரல் கொடுத்த பெசன்ட் அம்மையாருக்கே அயர்லாந்தின் எழுச்சி அதிகப்படியாக இருந்தது போலும். கணவருக்கு மதனப்பள்ளிக் கல்லூரியில் வேறு வேலை கிடைத்தது. பெண்கள் வாக்குரிமைக்காக அயர்லாந்திலேயே சிறைக்குப் போய்வந்த மார்கரெட்டுக்கோ யாரும் வேலை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1917இல் இந்திய மாதர் சங்கம் அடையாற்றில் உருவானபோது முன்னின்றார். 1919இல் மதனப்பள்ளிக்கு வந்த தாகூர் பாடிய ஜன கண மன பாட்டுக்குச் சுரக்குறிப்பு எழுதிவைத்தார். 1927இல் அகில இந்திய மாதர் மாநாடு அமையக் காரணமாக இருந்தார். 1932இல் பேச்சுரிமைக்காகக் கைதாகி வேலூர் சிறையில் இருந்தார். இருவருமாகச் சேர்ந்து எழுதிய தன்வரலாறு 1950இல் மெட்ராஸில் அச்சானது. அதற்கு 'நாங்கள் இருவரும் சேர்ந்து' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு வைத்தார்கள். வேலைக்கு என்று வந்த இடத்திலேயே வாழ்க்கை முடிந்துபோன தம்பதி, யார் யார் கூட வந்தார்கள் என்ற கணக்கைத் தலைப்பிலேயே தீர்த்துவிட்டார்கள்.

என் கதையையும் இங்கே ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். நானும் சில வருடங்கள் அலுவலக வேலையாக வெளிநாட்டில் இருந்தேன். மனைவியின் விசாவில் 'டிபெண்டன்ட்' என்று அச்சடித்திருந்தது. இப்போது அந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்குச் சொல்ல இருப்பது ஒரு கான்ஃபரன்ஸ் ரூமும் லிஃப்டும் மட்டும். கொத்தமல்லிக் கட்டை வேரோடு விற்கிற வியட்நாமியக் கடைக்காரி, நூலகத்தில் ஆங்கிலம் பழக வந்த சோமாலியப் பெண்கள், எந்தப் பேருந்தில் ஏறினால் ஏரிக்கரை வரும் என்பதெல்லாம் அவளுடையவை. நண்பர்கள் வீட்டில் நான் சொல்லும் அமெரிக்கக் கதைகள் எல்லாம் அவளிடம் கேட்டவை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள்.

அடையாறு சிக்னலைத் தாண்டினால் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் தாங்கிய சாலை. இங்கே கணக்கு தலைகீழ். 1925இல் உதவித்தொகை பெற்று லண்டனுக்கு மேல்படிப்புக்குப் போனவர் அவர். கணவர் டாக்டர் சுந்தர ரெட்டியும் குழந்தைகளும் கூடப் போனார்கள். கணவரே இங்கிலாந்தில் படித்த அறுவைச் சிகிச்சை நிபுணர். மனைவியின் படிப்புக்காகக் கப்பலேறிய ஆண்கள் அந்த வருடத்து மெட்ராஸில் எத்தனை பேர் என்று தேடினால் விரல்கள் மிஞ்சும். லண்டனிலிருந்து பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டுக்கும் போனார் முத்துலட்சுமி. திரும்பியதும் மாதர் சங்கம் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1927இல் மெட்ராஸ் சட்டமன்றத்தின் துணைத் தலைவர். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே அவர் தொடங்கிய போராட்டம் 1947இல் சட்டமானது. அதே வருடங்களில்தான் அரை மைலுக்குள் ருக்மிணி தேவி அந்தக் கலையைக் கற்று மேடையேற்றிக்கொண்டிருந்தார். இசை வேளாளர் குலத்தில் பிறந்த தாயின் மகள் அந்த முறையை ஒழிக்கிறார், சாஸ்திரிகள் வீட்டு மகள் ஆடுகிறார். இருவரையும் ஒரே சாலை தாங்கியது.

தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்தவர் முத்துலட்சுமி. லண்டனில் புற்றுநோய்க்கென்றே நடந்த மருத்துவமனையையும் பார்த்தார். அந்தப் பயணம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்து நிற்க 1954 வரை ஆயிற்று.

எல்.பி. ரோட்டின் மீதிப் பகுதி வங்கி, நகைக்கடை, டிபன் கடை, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் எடுக்கும் கடை. சாலை முடிகிற இடத்துக்குச் சற்று முன்பு கடல் பக்கம் திரும்பினால் கலாக்ஷேத்ரா. சொசைட்டித் தோட்டத்தைவிட்டு 1960களில் இந்த மணலுக்குக் குடிவந்தது. ருக்மிணி 1986இல் மறைந்தார். 1993இல் நாடாளுமன்றம் இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆக்கியது.

இங்கே படித்த வி.பி. தனஞ்சயனும் சாந்தாவும் திருமணம் செய்துகொண்டு 1968இல் அடையாற்றில் பரத கலாஞ்சலியைத் தொடங்கினார்கள். இரண்டு பேருக்கும் 2009இல் ஒன்றாகவே பத்ம பூஷண். 2017இல் ஒரு செல்போன் விளம்பரத்தில் கோவாவில் தேனிலவு கொண்டாடும் வயதான தம்பதியாக வந்து, நாட்டியம் பார்க்காதவர்களையும் ரசிக்கவைத்தார்கள். பல வருடங்கள் கோடையில் வர்ஜீனியாவின் 'யோகாவில்' (Yogaville) என்ற ஆசிரமத்தில் நாட்டிய முகாம் நடத்தியிருக்கிறார்கள். அங்கே வந்து ஆடிய பிள்ளைகளில் பலர், வேலை உத்தரவோடு போன அப்பாவுக்கும் கூடப் போன அம்மாவுக்கும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். வகுப்புக்கு அவர்களைக் காரில் கொண்டுவிட்டவள் பெரும்பாலும் அந்த அம்மாதான்.

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் நிலவறைகளில் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் படித்த பெண்கள் தட்டுக்கழி வைத்துச் சொல்லிக்கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். துணைக்குத் தரும் எச்4 விசாவில் போனவர்களில் ஒரு பகுதியினருக்குச் சம்பளத்துக்கு வேலை செய்யும் அனுமதியே 2015இல்தான் வந்தது. அதற்கு முன்பும் தா தெய் தா கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தனஞ்சயன் தம்பதி விஷயத்தில் மட்டும் விசா அதிகாரி திண்டாடியிருக்க வேண்டும். அங்கே கூடப் போனவர் என்று யாருமே இல்லை.