மணிக்கட்டைப் பழகியவர் தொடையை மறக்கலாமா?

நெஞ்சு வலி என்று போனால், "ஒரு ஆஞ்சியோ பார்த்துடலாம்" என்கிறார் டாக்டர். மெல்லிய குழாய் ஒன்றை ரத்தக் குழாய்க்குள் நுழைத்து இதயம் வரை கொண்டுபோய், மருந்து செலுத்தி, எங்கே அடைப்பு என்று எக்ஸ்ரே படத்தில் பார்ப்பதுதான் ஆஞ்சியோகிராம். அடைப்பு இருந்தால் அதே வழியில் பலூனும் ஸ்டென்டும் போகும். அந்தக் குழாய் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்று நோயாளியின் வீட்டார் அதிகம் யோசிப்பதில்லை. மருத்துவர்களோ பல வருடங்களாக அதைப் பற்றித்தான் வாதம் செய்கிறார்கள்.

முக்கியமான வாசல்கள் இரண்டு. ஒன்று, தொடை இடுக்கில் ஓடும் தமனி. இன்னொன்று, வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பாரே, அந்த மணிக்கட்டுத் தமனி.

தொடைத் தமனி பெரியது. குழாய் சுலபமாகப் போகும். ஆனால் ஆழத்தில் இருக்கிறது. ஊசி கொஞ்சம் மேலே குத்திவிட்டால் ரத்தம் வயிற்றின் பின்பக்கம் கசியும். வெளியே தெரியாது, அழுத்தி நிறுத்தவும் முடியாது. எல்லாம் சரியாக நடந்தாலும் நோயாளி சில மணி நேரம் காலை அசைக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும்.

மணிக்கட்டுத் தமனி தோலுக்கு அடியிலேயே, எலும்பின் மேல் ஓடுகிறது. ரத்தம் வந்தால் விரலால் அழுத்தினாலே போதும். நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கலாம். என்ன பிரச்சினை என்றால், அது 2 முதல் 3 மில்லிமீட்டர் அகலம்தான். தொட்டால் சுருங்கிக்கொள்ளும். வழியில் வளைவு நெளிவுகள் வேறு.

1989ல் கனடாவின் மான்ட்ரியல் இதய நிறுவனத்தைச் சேர்ந்த லூசியன் காம்போ, மணிக்கட்டு வழியாக 100 பேருக்கு ஆஞ்சியோ செய்த அனுபவத்தை எழுதினார். 1992ல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினண்ட் கீமெனே அதே வழியில் பலூன் சிகிச்சை செய்தார். 2011ல் வெளியான 'ரைவல்' ஆய்வு 32 நாடுகளில் 7021 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. குழாய் நுழைத்த இடத்தில் பெரிய சிக்கல் வந்தவர்கள் தொடையில் 3.7 சதவீதம், மணிக்கட்டில் 1.4 சதவீதம். மணிக்கட்டு வழியாக அதிகம் செய்து பழகிய மருத்துவமனைகளில் பலன் இன்னும் நன்றாகவே இருந்தது. அதாவது, வாசலை விடக் கை முக்கியம்!

அந்தக் கைப்பழக்கம் வர எவ்வளவு நாளாகும்? 2014ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 30 முதல் 50 நோயாளிகளுக்குச் செய்த பிறகு மருத்துவரின் வேகமும் வெற்றியும் சீராகின்றன என்றது. தொடை வழியில் இருபது வருடம் ஊறிய நிபுணருக்கு இந்த முதல் ஐம்பது கசப்பானது. கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையில் மறுபடி மாணவராகத் தடுமாற வேண்டும். பலர் தயங்கியதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது கதை தலைகீழ். பல நாடுகளில் மணிக்கட்டே முதல் வழியாகிவிட்டது. இன்று பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர் முதலில் கற்பதே அதைத்தான். அப்படியானால் தொடையை எப்போது கற்பார்?

கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று எழுதியாக வேண்டும். அந்தப் பற்றைக் கண்டுபிடித்ததும் அதே மான்ட்ரியல் நிறுவனம்தான். 1996-98ல் அங்கே சிகிச்சை பெற்றவர்களையும், மணிக்கட்டு வழக்கமாகிவிட்ட 2006-08ல் பெற்றவர்களையும் ஒப்பிட்டு 2015ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மணிக்கட்டில் சிக்கல் குறைவுதான். ஆனால் தொடை வழியாகச் செய்யப்பட்டவர்களுக்குச் சிக்கல் முன்பை விடக் கூடியிருந்தது. ஒன்றில் கிடைத்த லாபத்தை மற்றொன்றின் நட்டம் தின்றுவிட்டது. இதற்குக் 'காம்போ முரண்' என்றே பெயர் வைத்தார்கள். வழி திறந்தவர் பெயரே எச்சரிக்கைக்கும் பெயரானது.

தொடை வழி தேவையே இல்லை என்றால் மறந்துவிடலாம். ஆனால் அது யாருக்குத் தேவைப்படுகிறது? மாரடைப்பில் ரத்த அழுத்தம் விழுந்து, இதயத்துக்கு முட்டுக் கொடுக்கும் கருவி வைக்க வேண்டியவர்களுக்கு. மார்பைத் திறக்காமல் புது வால்வு பொருத்தப்படும் முதியவர்களுக்கு. பெரிய குழாய் மணிக்கட்டில் நுழையாது. ஆக, மிகவும் முடியாத நிலையில் இருப்பவர், மருத்துவரின் கை அதிகம் பழகாத வாசலுக்கு வந்து சேர்கிறார்.

சரி, பழகுவதற்காக நல்ல நிலையில் இருப்பவருக்கும் சிலமுறை தொடை வழியாகவே செய்யலாமே என்பது ஒரு யோசனை. சங்கடம் இங்கேதான். மணிக்கட்டு பாதுகாப்பானது என்று தெரிந்தும் ஒருவரைத் தொடைக்கு அனுப்புவது, நாளை வரப்போகும் முகம் தெரியாத நோயாளிக்காக இன்றைய நோயாளி ஆபத்தைச் சுமப்பது. அவரிடம் சொல்லாமல் செய்தால் அது நியாயமே இல்லை.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. மாதிரி உடல்களில் பயிற்சி தரலாம். குத்துமதிப்பாகக் குத்தாமல், அல்ட்ராசவுண்டில் தமனியைப் பார்த்துக் குத்தப் பழக்கலாம். தொடை வழி எப்படியும் தேவைப்படும் நோயாளிகளிடம் மூத்தவர் பக்கத்தில் நிற்க இளையவர் ஊசி பிடிக்கலாம். நேரமும் பணமும் பிடிக்கும்தான். ஆனால் அந்தச் செலவைப் பயிற்சி தரும் இடம் ஏற்கவில்லை என்றால், நடுராத்திரியில் மயங்கிய நிலையில் வந்து சேரும் யாரோ ஒருவர் தன் ரத்தத்தால் கட்ட வேண்டியிருக்கும்.