ஐம்பது வெள்ளிக் கடன்

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மாடி வீடு. அங்கே என் அம்மா பதினாறு ஆண்டுகள் சமையல் வேலை செய்தார். தோட்டத்தில் பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, லயத்தைவிட்டு வந்த எங்களுக்கு அந்தச் சம்பளம்தான் சோறு போட்டது.

பள்ளி விட்டதும் நான் நேரே அங்கே போவேன், பின்வாசல் வழியாக. எங்கள் இருவருக்கும் தனித் தட்டு, தனிக் குவளை. முதலாளியம்மாவின் வளையல்களைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன்.

ஒரு சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாள், அவர் அம்மாவைப் பின்கட்டுக்கு அழைத்தார். "அம்பது வெள்ளி இருக்குமா? திருவிழாவுக்குத் தங்கச்சி வந்திருக்கா, வெறுங்கையோட அனுப்ப முடியல. அவருக்குத் தெரியக்கூடாது."

அம்மா கொடுத்தார். அந்த வீட்டில் பாசார் கணக்கை முதலாளி தினமும் இரவில் சரிபார்ப்பார். அதனால் மீன் விலையில் நாளுக்கு ஒரு வெள்ளி கூட்டி எழுதி, ஐம்பது நாளில் கடன் அடைந்தது. மீன் வாங்கியது அம்மாதான். பொய்யில் அவருக்கும் பங்கு.

பணக்கார வீட்டிலும் பெண் ஏழைதான் என்று இந்தக் கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா ஒப்புக்கொள்ளமாட்டார். "அவங்க கையில காசு இல்ல, சரி. காய்ச்சல்னா படுத்துக்குவாங்க. நான் படுத்தா சம்பளத்துல பிடிப்பாங்க."

நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் வந்தது. இப்போது 1,700 வெள்ளி. வீட்டு வேலை செய்பவர்களுக்கு அது இன்றும் கிடையாது. சொக்சோ பாதுகாப்பே அவர்களுக்கு 2021 ஜூனில்தான் வந்தது. அதற்குள் அம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

நான் இப்போது ஈப்போவில் இருக்கிறேன். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வீட்டோடு இருக்கிறார். போன மாதம் வந்த அம்மா, "அவளுக்கு சொக்சோ கட்டுறியா?" என்று கேட்டார். இனிமேல்தான் என்றேன். வங்கிக் கடனும் காரும் சேர்ந்தால் எங்கள் சம்பளமும் இழுபறிதான் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. தொட்டி ஓரமாகத் தனியே கவிழ்த்திருந்த நீலக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களேதான் அப்படி வெச்சுக்கிட்டாங்கம்மா" என்றேன்.

அம்மா அதை எடுத்துக் கழுவி, அதிலேயே தேநீர் ஊற்றிக் குடித்தார்.