நிறமும் குணமும்

பிரெஞ்சு ஆட்சியில் கால்வாயின் இரு கரைகளையும் வெள்ளை நகரம், கருப்பு நகரம் என நிறத்தால் பிரித்த ஊர் நமது புதுச்சேரி. நாயின் குணத்தையும் நிறத்தால் அளக்கலாமோ என்னும் கேள்வி நமக்கு எளிதாய் எழுகிறது.

அதற்குச் சிறிது ஆதாரமும் உண்டு. உரிமையாளரிடம் கேட்டறிந்து 1996-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வொன்று, காக்கர் ஸ்பானியல் இனத்தில் ஒரே நிற நாய்கள் கலப்பு நிறத்தவற்றைவிட மிகுதியாய்ச் சினம் காட்டுவதாய்க் கண்டது. எனினும் அது பொதுக்கணக்கு. தனியொரு நாயின் மீதான தீர்ப்பன்று.

2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாயைப் பாருங்கள். அதன் வெண்மைக்குக் காரணமான நிறமிச் செல்களின் குறைவே, சில நாய்களின் செவிப்புலனையும் பறிக்கிறது. காலடியோசை கேளாத நாய், திடீரெனத் தொட்டால் திகைத்துக் கடிக்கக்கூடும். நாமோ அதனை வெறிக்குணம் என்கிறோம்.

நிறத்தைக் கண்டு தீர்ப்பிடுமுன், பின்னே நின்று ஒருமுறை கைதட்டிப் பார்ப்போமா?