கார் ஓட்டத் தெரியாதவருக்கு நியூ மெக்ஸிகோ

மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்துக்குப் போகும் தாய்மாரே, ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே தெருவில் இறங்கிக் கையைக் காட்டினால் பஸ் நிற்காது. சுமார் 3,15,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் வசிப்பவர்கள் ஏறக்குறைய 21 இலட்சம் பேர்தான். ஊருக்கும் ஊருக்கும் இடையே வெறும் வனாந்தரம். கார் ஓட்டத் தெரியாதவர், பிள்ளை வேலை முடிந்து திரும்பும்வரை வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான்.

அல்புகேர்க்கி நகரில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். நகர பஸ்களில் 2022 முதல் கட்டணம் இல்லை; 2023இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அங்கிருந்து தலைநகர் சாண்டா ஃபேக்கு 2008 முதல் 'ரெயில் ரன்னர்' ரயில் ஓடுகிறது. ஏறக்குறைய ஒன்றரை மணிநேரப் பிரயாணம். கதவு மூடும்போது கார்ட்டூன் பறவையைப் போல 'மீப் மீப்' என்று சத்தமிடும். பேரப்பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வேடிக்கை!

சிக்காகோவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் நெடுந்தூர ரயிலில் வருபவர்கள் கவனிக்க வேண்டும். அது சாண்டா ஃபே நகருக்குள் போகாது. சுமார் 29 கிலோமீற்றர் தள்ளி, லாமி என்ற சிற்றூரில் இறக்கிவிடும். அழைத்துப்போக ஆளை ஏற்பாடு செய்யாமல் அங்கே இறங்காதீர்கள்.

வைற் சாண்ட்ஸ் வெண்மணற் பரப்பைப் பார்க்கக் கார்தான் வழி. ஏவுகணைச் சோதனை நடக்கும்போது 70ஆம் இலக்க நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள், புறப்படுமுன் விசாரியுங்கள். பெற்றோலை நிரப்பிக்கொண்டு, குடிதண்ணீரையும் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள். 'வழியில் வாங்கலாம் உம்மா' என்பான் மகன், கேட்காதீர்கள்.