மூடுபனி நுழையும் வாசல்கள்

கலிபோர்னியாக் கடலோரமாக ஒயினரிகளைப் பார்த்துக்கொண்டே காரில் போகலாம் என்று கிளம்புகிற நண்பர்கள் என்னிடம் ஒரு பட்டியலோடு வருவார்கள். பெயர்பெற்ற ஒயினரிகள், அவற்றின் நட்சத்திர மதிப்பு, டேஸ்டிங் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். நான் அதைத் தள்ளி வைத்துவிட்டு நிலப்படத்தைத் திறப்பேன். கரையோர மலைத்தொடர் எந்தெந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தால் போதும். பயணத் திட்டத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

காரணம், கடல்தான். கோடையில் வடமேற்கிலிருந்து வீசும் காற்று கரையோரத்து மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. ஆகஸ்டில்கூட மாண்டரே கடலில் கால் வைத்தால் விறைத்துப் போகும். அந்தக் குளிர்நீரின் மேல் தவழும் ஈரக்காற்றுதான் மூடுபனியாகத் திரள்கிறது. அதே நேரத்தில் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் வெயிலில் காய்ந்து, காற்று மேலே எழும்பி, கடல்காற்றை உள்ளே இழுக்கின்றன. ஆனால் கரை நெடுக மலை மறித்து நிற்பதால், சந்து கிடைக்கிற இடத்தில் மட்டும்தான் பனி நுழைய முடியும். நுழைந்த இடத்தில் திராட்சை அவசரமில்லாமல் பழுக்கிறது. இனிப்பு ஏறுகிறபோதே புளிப்பும் குறையாமல் நிற்கிறது. நல்ல ஒயினுக்கு அந்தப் புளிப்பு உயிர். ஆகவே கடலோரச் சாலையும் திராட்சைத் தோட்டமும் இரண்டு தனித்தனிச் சுற்றுலாக்கள் அல்ல. காலையில் காரின் கண்ணாடியை மறைக்கிற அதே பனிதான் மாலையில் கோப்பைக்குள் வருகிறது.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு 5-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். கடலோர 1-ஆம் எண் சாலைக்கு நான்கு இரவாவது ஒதுக்க வேண்டும், ஒரு நாளில் இரண்டு ஒயினரிகளுக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. மூன்றாவது இடத்தில் நாக்கு எதையும் பிரித்துச் சொல்லாது.

புறப்பட்ட அன்று சாண்டா குரூஸ் மலைமேல் ரிட்ஜ் ஒயினரிக்கு ஏறுவது நல்ல தொடக்கம். 1976-இல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள், பெயர் மறைத்து ஊற்றப்பட்ட ஒயின்களைச் சுவைத்தபோது கலிபோர்னியா ஒயின்கள் முதலிடம் பிடித்தன. அன்று ரிட்ஜின் 1971 மான்டே பெல்லோ சிவப்பு ஒயின்களில் ஐந்தாவதாக வந்தது. முப்பது ஆண்டு கழித்து 2006-இல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி சுவைத்தார்கள். அப்போது அது முதலாவதாக வந்தது. மான்டே பெல்லோ தோட்டம் மலையுச்சியில், பெரும்பாலான நாள் பனிக்கும் மேலே இருக்கிறது. கீழே பள்ளத்தாக்கு வெண்மையாக மூடிக் கிடப்பதை அங்கிருந்து பார்த்துவிட்டால், அடுத்த நாட்களில் எதைத் தேடிப் போகிறோம் என்பது புரிந்துவிடும்.

முதல் பெரிய வாசல் மாண்டரே விரிகுடா. அதன் வழியே புகும் காற்று சலினாஸ் பள்ளத்தாக்கில் மதியத்துக்குமேல் தொப்பியைப் பறிக்கிற வேகத்தில் அடிக்கும். பலரும் இந்தப் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு நேராகக் கடலோர மலைப்பகுதியான பிக் சர் பக்கம் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1932-இல் கட்டிய பிக்ஸ்பி பாலமும், 1937-இல் திறந்த அந்த மலைச்சாலையும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதவை. ஆனால் அந்தச் சாலை அடிக்கடி சரியும். 2017 மே மாதம் மட் கிரீக் என்ற இடத்தில் மலையே இறங்கி வந்து சாலையைப் புதைத்தது. திறக்க மறு ஆண்டு ஜூலை ஆயிற்று. 2023, 2024-லும் வேறு இடங்களில் சரிவுகள் வந்தன. அதனால் அறை முன்பதிவு செய்யுமுன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். சாலை மூடியிருந்தால் 101-ஆம் எண் சாலையில் சலினாஸ் பள்ளத்தாக்கு வழியாக இறங்கலாம். மேற்கே சாண்டா லூசியா மலைச்சரிவில் வரிசை வரிசையாக பினோ நுவார் கொடிகள். அந்த மாற்றுவழி நஷ்டமே அல்ல.

எனக்கு மிகப் பிடித்த பகுதி அடுத்தது. கேம்ப்ரியாவில் கடலை விட்டுவிட்டு 46-ஆம் எண் சாலையில் கிழக்கே ஏறினால், அரை மணி நேரத்துக்குள் ஸ்வெட்டரைக் கழற்றி பின் சீட்டில் போட வேண்டியிருக்கும். மலையைத் தாண்டினால் பாசோ ரோப்லஸ். கோடைப்பகலில் 38 டிகிரி தொடுகிற ஊர். இரவில் இரண்டாவது வாசலான டெம்பிள்டன் கணவாய் வழியாகக் கடல்காற்று வந்து, விடியுமுன் 15 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடும். பிரான்ஸின் ஷடோ த பொகாஸ்தெல் ஒயினரியை நடத்தும் பெரான் குடும்பம், ராபர்ட் ஹாஸ் என்ற அமெரிக்க இறக்குமதியாளரோடு சேர்ந்து 1989-இல் டேப்லஸ் கிரீக் தோட்டத்துக்கு இடம் பார்த்து நின்றது இங்கேதான். தங்கள் ஊர் ரகங்களுக்கேற்ற வெயிலும் சுண்ணாம்பு மண்ணும் இங்கே கிடைத்தன.

பாசோவின் மேற்குச் சரிவுத் தோட்டம் ஒன்றுக்கு என் மாமனாரை அழைத்துப் போயிருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிப் பக்கம், பன்னீர் திராட்சை போட்டவர். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பன்னீர் திராட்சை. மது தொட மாட்டார். நாங்கள் டேஸ்டிங் மேசையில் உட்கார, அவர் நேரே கொல்லைப் பக்கம் நடந்துவிட்டார். போய்ப் பார்த்தால் இடுப்புயரத்துக்கு நட்டுக்குத்தாக நிற்கும் கொடி ஒன்றின் முன் குந்தி உட்கார்ந்திருக்கிறார். கம்பியும் இல்லை, சொட்டுநீர்க் குழாயும் இல்லை.

“என்ன மாப்ள, மேல பந்தல் இல்ல, கீழ தண்ணி இல்ல. எதைக் குடிச்சு காய்க்குது?”

குளிர்கால மழையை மண் பிடித்து வைத்திருக்கும், வேர் ஆழத்துக்குப் போய் அதை எடுத்துக்கொள்ளும் என்று தோட்டத்துக்காரர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். அவர் வெள்ளையாகக் கிடந்த ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார். “சுக்காங்கல்லுல்ல இது! மானாவாரித் திராட்சையா?” என்று கேட்டு, அந்தக் கொடியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். குலைகள் சின்னவை, மணிகள் நெருக்கம், தோல் தடிப்பு. ஒரு மணியைக் கேட்டு வாங்கி வாயில் போட்டுத் தோலை மட்டும் நெடுநேரம் மென்றார். ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன என்று உள்ளே எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் வெளியே தானாகக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து நான் போடுகிற திட்டங்களில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் இடமாக ஒன்றாவது இருக்கும். முன்பதிவு கட்டாயம். சிறிய ஒயினரிகள் வாரநடுவில் மூடியிருப்பதும் உண்டு.

அவர் குடிக்காததால் வண்டி யார் ஓட்டுவது என்ற கேள்வி எழாது என்று நினைத்தால், அவரிடம் இந்த ஊர் உரிமம் இல்லை. நானும் மனைவியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக்கொண்டோம். ஓட்டுகிறவர் அன்று ஒரு துளி தொடுவதில்லை. ரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது சட்டம் சொல்லும் எல்லை. மலைவளைவுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஆகாது. சுவைத்துவிட்டுத் துப்ப மேசையில் பாத்திரம் இருக்கும். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். திறந்த பாட்டில் டிக்கிக்குள்தான் போக வேண்டும். அதிலும் பாசோ வெயிலில் பூட்டிய காரில் விட்டால் ஒயின் வெந்துபோகும்.

மூன்றாவது வாசல் சாண்டா இனெஸ் பள்ளத்தாக்கு. மற்ற இடங்களில் மலைகள் கரையோடு ஒட்டி ஓட, இங்கே அவை கிழக்கு மேற்காகத் திரும்பிக் கடலுக்கு நேரே வாய் திறந்திருக்கின்றன. உள்ளே போகப் போக மைலுக்கு ஒரு பாரன்ஹீட் டிகிரி கூடும் என்பது அங்குள்ளவர்கள் கணக்கு. மேற்கு முனையில் பினோ நுவார், நடுவில் சிரா, கிழக்குக் கோடியில் கபர்னே சாவின்யோன். 1971-இல் சான்ஃபோர்டு, பெனடிக்ட் என்ற இருவர் பினோ நட்டுக் காட்டிய தோட்டம் மேற்குப் பக்கம், சாண்டா ரோசா சாலையில். ஒரே நாளில் மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என்று வைத்துக்கொண்டால் பனியின் வேலையை நாக்கே சொல்லிவிடும்.

செப்டம்பரில் போனால் அறுவடையும் பார்க்கலாம். பழம் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக நள்ளிரவுக்குமேல் விளக்கு வெளிச்சத்தில் பறிப்பார்கள். பறிப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். மாமனார் விடியற்காலையில் எங்களை எழுப்பிக் கூட்டிப்போய் வேலியோரம் நின்று பார்த்தார். வளைந்த சின்னக் கத்தியால் காம்பை வெட்டுகிற வேகத்தை ரசித்தார். ஓய்வுக்கு வந்த ஒருவரிடம் கவாத்து எப்போது என்று என் மூலம் கேட்டார். கம்பத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து முன்பின்னாகப் போட்டு ஆண்டு முழுக்கப் பழம் எடுக்கிறார்கள். இங்கே குளிர்காலத்தில் ஒரே ஒரு தடவை, ஜனவரி பிப்ரவரியில் என்று பதில் வந்தது.

“அப்ப அதுக்கு ஒரு தடவை வரணும் மாப்ள” என்றார். பிப்ரவரி மழைக்காலம், பிக் சர் மலை எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. அதனால் அடுத்த திட்டத்தில் கடலோரச் சாலையை மாண்டரேயோடு நிறுத்திவிட்டு, 101 வழியாகப் பாசோவுக்கு இறங்குவதாக எழுதியிருக்கிறேன். வானம் திறந்திருந்தால் கேம்ப்ரியாவுக்கு ஒரு நாள் போய்வரலாம். இந்த முறை தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாமனார் கையில் ஒரு கவாத்துக் கத்திரியைக் கொடுப்பார்களா என்று.