ஞாயிற்றுக்கிழமை அப்பா தூங்க மாட்டார்

அந்த வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு எப்போதும் இருக்கும். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது பெரும்பாலும் அதில்தான். ‘தம்பிக்கு 11 மணிக்கு இட்லி. இருமல் மருந்து டிராயரில்.’ இது அவள். ‘பாதி இட்லிதான் சாப்பிட்டான். ஃபோன் பில் கட்டியாச்சு.’ இது அவன். கோபம் வந்தாலும் நோட்டில்தான் தெரியும். இரண்டு நாளைக்கு ‘பால் இல்லை’, ‘வாங்கியாச்சு’ என்பதோடு நின்றுவிடும்.

கும்பகோணத்திலிருந்து கிளம்பி, கனடாவில் டொரண்டோ நகரத்தின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறி மூன்று வருடம் ஆகியிருந்தது. அவனுக்கு ஒரு கிடங்கில் இரவு வேலை. செவ்வாய் முதல் சனி வரை, இரவு 11 மணிக்குப் போனால் காலை 7 மணிக்கு முடியும். அவளுக்கு ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பகல் வேலை. ஆறு வயது மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஒன்றரை வயது மகனைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு விடையாகத்தான் அவன் இரவு வேலையை வாங்கிக்கொண்டான். அரசுத் திட்டத்தில் சேர்ந்த குழந்தைகள் காப்பகங்களில் கட்டணம் குறைவுதான். ஆனால், அவ்வளவு சின்னக் குழந்தைக்கு இடம் கிடைப்பது சுலபமில்லை. பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

காலை ஏழரை மணிக்கு அவன் வாசலில் ஷூவைக் கழற்றுவான். அவள் மகளுக்கு ஜாக்கெட் மாட்டிக்கொண்டே குழந்தையை அவன் கையில் கொடுப்பாள். சாயங்காலம் அவள் திரும்பியதும் குழந்தை அவளிடம் வரும். அவன் போய்ப் படுப்பான். அதன்பிறகு அந்த வீட்டில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்றுதான். ‘‘அப்பா தூங்குறாங்க, சத்தம் போடாதே.’’

2024 செப்டம்பரில் ஒருநாள் பகல். குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு சோபாவில் சாய்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். தண்ணீர் சத்தம் கேட்டுத்தான் விழித்தான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தேங்கிய தண்ணீரில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான் பையன். அது பச்சைத் தண்ணீர். பக்கத்தில் இருந்த இன்னொரு குழாயில் வருவது கொதிக்கும் தண்ணீர்.

அதை அவன் நோட்டில் எழுதவில்லை. அவள் வந்ததும் நேரில் சொன்னான். அன்று அவன் தூங்கப் போகவில்லை.

இரவு 9 மணிக்கு அவள் ஊருக்கு வீடியோ காலில் பேசுவது வழக்கம். அங்கே அப்போது காலை ஆறரை. நடந்ததைக் கேட்ட அவளுடைய அம்மா, ‘‘எதுக்குடி இந்தப் பாடு? தம்பியை இங்க கொண்டாந்து விட்டுடு. ரெண்டு வருஷம் நாங்க வளக்குறோம். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசுல கூட்டிட்டுப் போ’’ என்றார்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் எத்தனையோ குடும்பங்கள் செய்ததுதான். அவளுடைய அலுவலகத்திலேயே அப்படிப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. பாட்டியிடம் வளரும் பிள்ளைக்குக் குறை என்ன? நவம்பர் கடைசியில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்து அவள் போய் விட்டுவிட்டு வருவது, தீபாவளி முடிந்ததும் டிக்கெட் போடுவது என்று பேசி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சனி இரவு வேலை முடிந்து வந்தவன் மதியம் வரைகூடத் தூங்கவில்லை. ‘‘கிளம்புங்க, எங்கயாவது போவோம்’’ என்றான். இந்த ஊரில் இலையுதிர் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இரண்டு இலையுதிர் காலங்களை அவர்கள் பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்திருந்தார்கள். எதற்காக இந்த வருடம் போகிறோம் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

முதலில் போனது ஹைலேண்ட் க்ரீக் என்கிற ஓடைக்கு. ஸ்கார்பரோ வழியாகவே ஓடி ஒன்டாரியோ ஏரியில் கலக்கிற ஓடை அது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஏரியிலிருந்து சால்மன் மீன்கள் அதில் எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும். டிக்கெட் கிடையாது. கரையில் நின்று பார்க்கலாம். முழங்காலளவு தண்ணீரில், குழந்தையின் உயரத்துக்கு இருந்த மீன்கள் கல்லில் உரசிக்கொண்டு மேலேறின. இந்த ஏரியின் பூர்வீக சால்மன் இனம் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே அழிந்துபோனது. இப்போது ஏறி வருபவை பெரும்பாலும் சினூக் வகை. பசிபிக் கடற்கரைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து 1960-களில் விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். வந்தேறிகள்தான். ஆனாலும் வருடம் தவறாமல் ஓடையைக் கண்டுபிடித்து வந்துவிடுகின்றன.

‘‘எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டு மேல போகுது?’’ என்று கேட்டாள் மகள்.

‘‘முட்டை போடறதுக்கு.’’

‘‘அப்புறம்?’’

அவன் கொஞ்சம் தயங்கினான். ‘‘அதோட செத்துப்போயிடும். முட்டையெல்லாம் கல்லுக்கு அடியில இருக்கும். குளிர் முடிஞ்சதும் குட்டி மீன் வரும்.’’

‘‘அப்ப குட்டி மீனை யாரு பாத்துப்பாங்க?’’

‘‘அதுங்களே பாத்துக்கும்’’ என்றான். அவள் குனிந்து, கட்டியே இருந்த பையனின் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அன்று இரவு வீடியோ காலில் மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று இருவருமே எதிர்பார்த்திருந்தார்கள். அவ்வளவு பெரிய மீனைப் பற்றித்தான் முதலில் சொல்வாள் என்று நினைத்தார்கள். அவள் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு, ‘‘பாட்டி, இன்னைக்கு அப்பா தூங்கவே இல்ல! ஃபுல்லா முழிச்சிட்டே இருந்தாங்க!’’ என்றாள்.

அதன்பிறகு ஒரு ஞாயிறுகூட விடவில்லை. அக்டோபர் இரண்டாவது திங்கள்கிழமை கனடாவில் நன்றி தெரிவிக்கும் நாள், அரசு விடுமுறை. அந்த வாரம் ஞாயிறும் திங்களும் சேர்ந்து கிடைத்தன. நண்பர் ஒருவர் தன் காரில் ஆப்பிள் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். பைக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டு நாமே பறித்துக்கொள்ளலாம். மெக்கின்டாஷ் என்கிற ஆப்பிள் இந்த ஒன்டாரியோ மாகாணத்திலேயே 1811-ல் ஒரு விவசாயி கண்டெடுத்த செடியிலிருந்து வந்தது என்று நண்பர் சொன்னார். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. பையன் எட்டும் உயரத்தில் இருந்த ஆறேழு பழங்களைக் கடித்துக் கடித்துக் கீழே போட்டான். மீதி வந்த பச்சை ஆப்பிளில் அவள் மாங்காய் ஊறுகாய் மாதிரியே காரம் போட்டு, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்தாள். தயிர்சாதத்துக்கு மாங்காயேதான் என்று சொன்னால் நம்பிவிடலாம்.

அடுத்த வாரம் ரூஜ் பூங்கா. நகரத்துக்குள்ளேயே இருக்கிற தேசியப் பூங்கா. இதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. மேப்பிள் மரங்கள் குங்குமமும் மஞ்சளுமாக நின்றன. குளிர் வரப்போகிறது என்று பகல் குறையும்போதே மரம் தயாராகிவிடுகிறது. இலையின் பச்சையம் சிதைகிறது. காம்பின் அடியில் ஓர் அடைப்பு உருவாகி, இலை தானாக உதிர்கிறது. மஞ்சள் நிறம் கோடையிலும் இலைக்குள் இருந்ததுதான், பச்சை மறைத்திருந்தது. சிவப்பு மட்டும் இந்த நேரத்தில் புதிதாக உண்டாவது. பள்ளியில் படித்ததை மகளே அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவன் தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டான்.

பொறுக்கிய இலைகளைத் தாத்தாவுக்கு வீடியோவில் காட்டினாள். ‘‘எங்களுக்கு நாலு சீசன் தாத்தா’’ என்றாள்.

‘‘நமக்கு ஆறுடா கண்ணு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். விரலை மடக்கு, ஒரு கை பத்தாது. இலை உதிர்றதுக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல. ஐப்பசில இங்க அடைமழை.’’ சொல்லிவிட்டு அவர் கேமராவைத் திருப்பினார். கூடத்தில் புத்தம் புதுசாக ஒரு சிவப்பு நிற மூன்று சக்கர சைக்கிள் நின்றிருந்தது. ‘‘தம்பிக்கு’’ என்றார்.

அன்றிலிருந்து டிக்கெட் பேச்சு எடுத்தால், ‘நாளைக்குப் பாக்கலாம்’ என்று யாராவது ஒருவர் சொன்னார்கள்.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 31. இந்த ஊரில் அதே நாள் ஹாலோவீன். பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் நாள். விடிவதற்கு முன்பே அவள் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். ஏழரை மணிக்கு வந்தவனுக்கும் வாசலிலேயே உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். சாயங்காலம் மகள் தீபாவளிப் பட்டுப்பாவாடையோடு, அதையே வேஷமாக வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ‘இளவரசியா?’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் ‘ஆமாம்’ என்றாள். பின்னால் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா. அன்றும் அவன் தூங்கவில்லை. அந்த அரைமணி நேரத்துக்காக.

நவம்பர் 2, சனிக்கிழமை. இரவு சாப்பாடு முடிந்ததும் அவள் லேப்டாப்பைத் திறந்தாள். தேதி போட்டு, பெயர்கள் போட்டு, பணம் கட்ட வேண்டிய பக்கம் வரை போனாள். பையனுக்கு மட்டும் திரும்பி வர டிக்கெட் கிடையாது. அந்த வரியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அவன் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தான். ‘‘காலையில வந்து போடலாம்’’ என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

அன்று இரவு கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் இரவு. நவம்பர் முதல் ஞாயிறு, நள்ளிரவு தாண்டி 2 மணி ஆகும்போது மறுபடி 1 மணி ஆக்கிவிடுவார்கள். ஊருக்கெல்லாம் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். இரவு வேலைக்காரனுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. குழந்தைகளுக்குக் கடிகாரம் மாறியது தெரியாது. ஐந்து மணிக்கே எழுந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மூன்று பேரும் குளித்து, தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அவன் நேரே சமையலறைக்கு வந்தான். ‘‘தம்பியை அனுப்ப வேணாம்’’ என்றான். ‘‘எனக்குத் தூக்கம் போனா போகுது.’’

‘‘தூக்கம் போகக் கூடாதுங்க. அன்னைக்குத் தூக்கம் இல்லாமத்தானே குழாய் திறந்துச்சு’’ என்றாள் அவள். ‘‘வெள்ளிக்கிழமையே மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். வாரம் மூணு நாள் மட்டும் வரட்டுமான்னு. சரின்னுட்டாரு. சம்பளம் குறையும்.’’

‘‘வீடு வாங்கறது?’’

‘‘தள்ளிப் போகும்.’’

வாடகை, கடன், ஊருக்கு அனுப்பும் பணம், காப்பகத்தில் இடம் கிடைக்கும் வரை எத்தனை மாதம் தாங்கும் என்று தோசை சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டார்கள். வாரத்தில் இரண்டு பகல் அவன் நிம்மதியாகத் தூங்கலாம். மற்ற மூன்று நாளுக்கு, காலையில் மூன்று மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த அம்மா ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டுக்கென்று சேர்த்த பணத்திலிருந்துதான் அவருக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு வருடமாவது வீட்டுப் பேச்சு கிடையாது. கணக்கு சுலபமாக ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அவள் லேப்டாப்பில் அந்தப் பக்கத்தை மூடினாள்.

ஊரில் சொல்வதுதான் இதைவிடக் கஷ்டமாக இருந்தது. அன்று இரவு 9 மணிக்குக் கூப்பிட்டபோது அம்மா சற்று நேரம் பேசவே இல்லை. ‘‘உங்க இஷ்டம். தொட்டில் கயிறுகூட மாத்தி வெச்சிருந்தேன்’’ என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாக எழுந்து போனார். அப்பாதான் ஃபோனை வாங்கினார்.

‘‘சைக்கிள் எங்கயும் ஓடிப் போகாதும்மா. வர்றப்ப ஓட்டட்டும்’’ என்றார். பிறகு, ‘‘என்ன இன்னைக்கு இவ்ளோ நேரம் ஆயிடுச்சு? ஆறரைலேர்ந்து உக்காந்திருக்கேன்’’ என்றார்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனதில், அங்கே ஏழரை ஆகிவிட்டிருந்தது. போன குளிர்காலம் முழுக்க, அதற்கு முந்தைய குளிர்காலமும், இதே ஒன்பது மணிக்குத்தான் கூப்பிட்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் அவர் ஃபோனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்திருப்பார். ஒருநாளும் சொன்னதில்லை.

‘‘இனிமே எட்டு மணிக்கே கூப்பிடறேன்பா. உங்களுக்கு எப்பவும் போல ஆறரையா இருக்கும்’’ என்றாள்.

‘‘அப்ப தம்பியும் முழிச்சிருப்பான்ல?’’ என்று கேட்டார் அவர்.

‘‘முழிச்சிருப்பான்பா.’’