அறையும் ஒரு வாத்தியம்

வீட்டில் வைத்துக் கேட்க மிகச் சிறந்த ஸ்டீரியோ எது என்ற கேள்விக்கு, விலைப்பட்டியலை நீட்டிப் பதில் சொல்லும் நண்பர்கள் நமக்குப் பலர் உண்டு. துல்லியம், ஆழம், தெளிவு என்று அவர்கள் அடுக்கும் சொற்கள் நமக்கும் பழக்கமானவையே. 1996-ல், கல்லூரி மாணவராக இருந்தபோது, சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கிப் பொருத்திய ஆம்ப்ளிஃபயரில் தொடங்கியது நமது தேடல். அதன்பின் ஒலிநாடா போயிற்று. குறுந்தகடு வந்து அதுவும் போயிற்று. பழைய இசைத்தட்டுகள் திரும்பி வந்தன. வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் மூன்று கோடைகள் வீட்டில் தங்கிச் சென்றது. இத்தனைக்கும் நடுவே, ‘இசைத்தன்மை’ என்று எதைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதை நிதானமாகச் சொல்லிப் பார்க்கவே இதை எழுதுகிறோம்.

நாம் குடியிருப்பது மேல்மலையனூரில். அங்காளபரமேசுவரியின் ஊர். அமாவாசைதோறும் நள்ளிரவில் ஊஞ்சல் உற்சவம். பம்பையும் உடுக்கையும் சிலம்பும் ஒலிக்க ஊரே விழித்திருக்கும். ஒலிச்சாதன ஆர்வலருக்கு இதைவிட நல்ல ஊர் வாய்க்காது என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. நகலைச் சோதிக்க அசல் மாதந்தோறும் வாசலுக்கே வந்துவிடுகிறதல்லவா?

அந்தச் சோதனையில் தேறிய ஸ்பீக்கரை நாம் இன்னும் பார்க்கவில்லை. காரணம் எளிய கணக்குதான். ஓசை 10 டெசிபெல் உயர வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு ஆற்றல் தரவேண்டும். 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு. ஒரு வாட்டில் அமைதியாகப் பாடிக்கொண்டிருக்கும் சாதனம், பம்பையில் குச்சி விழும் அந்தக் கணத்துக்கு நூறு வாட் தேடவேண்டும். கிடைக்காதபோது அடி மழுங்குகிறது. ஓசை பெரிதாக இருக்கிறது, அடி மட்டும் இல்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள் வீட்டில் எதைப் போட்டாலும் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

ஆனால் வாட் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்றிருக்கிறது. அது சுவர்களின் கணக்கு. நம் ஊர்ப்பக்கம் கட்டப்படும் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை சர்வசாதாரணம். கூரையும் பத்தடி உயரம் என்றால் கனசதுரப் பெட்டி ஒன்று தயார். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் நின்று முழங்கும். மூன்று திசையிலும் ஒரே அளவு என்பதால் மூன்றும் ஒரே சுருதியில் சேர்ந்துகொள்ளும். லட்ச ரூபாய் ஸ்பீக்கராயினும் அந்த அறையில் பானைக்குள் பேசியதுபோலத்தான் கேட்கும். செஞ்சிக் கோட்டைக்குச் செல்பவர்கள் ராஜகிரி அடிவாரத்துக் களஞ்சியத்தின் வளைகூரைக்குக் கீழே ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஒலியில் அறையின் பங்கு எவ்வளவு என்பது விளக்கமின்றி விளங்கும்.

வகுப்பில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நடத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என்று வரிசையாகச் சொல்லிவந்த இளங்கோ, அடுத்து அரங்கின் அளவைச் சொல்கிறார். அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், தளத்திலிருந்து மேற்பலகை வரை நான்கு கோல். பழந்தமிழர் ஒலியியல் கண்டவர்கள் என்று நாம் கொடிபிடிக்க வரவில்லை. வாத்தியக்காரர்களின் வரிசையிலேயே அரங்கும் இடம்பெற்றிருக்கிறது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறோம்.

அந்த வரிசைக்கு அறிவியல் கணக்கு எழுதியவர் அமெரிக்கர் வாலஸ் சபைன். ஹார்வர்டில் 1895-ல் திறக்கப்பட்ட ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது ஒன்றுமே புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை விநாடி எதிரொலி குறைகிறது என்று அளந்தார். நவீன ஒலியியல் அந்த மெத்தைகளில் பிறந்தது.

இந்த விவரங்கள் வெறும் படிப்பாக இருந்தது போய் வீட்டுக் காரியமானது அப்பாவினால். அவர் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவர். சில ஆண்டுகளாக நமது இசையறைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். கேட்டதற்கு, “பாட்டு எங்கியோ அடுத்த ஊர்ல வாசிக்கிறாப்ல இருக்குதுப்பா” என்றார். செவிப் பரிசோதனையில், முதுமையில் பெரும்பாலோர்க்கு ஆவதுபோல் மேல் அதிர்வுகள் வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. செவிக்கருவி பேச்சுக்கென்று செய்யப்பட்டது. அதை மாட்டிக்கொண்டால் நாகசுரம் தகரமாகிறது என்று கழற்றி வைத்துவிடுவார்.

அவருக்காக யோசிக்கும்போதுதான் ஓர் எளிய உண்மை உறைத்தது. ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956-ல். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958-ல். அவர் விட்டுச்சென்ற இசைத்தட்டுகள் அனைத்தும் ஒற்றைத் தடம். அவற்றுக்கு இரண்டு ஸ்பீக்கர் தேவையே இல்லை. பழைய 78 சுழற்சித் தட்டுகளில் மிக உயர்ந்த அதிர்வுகளும் அதிகம் கிடையாது. அப்பாவின் செவியில் எஞ்சியிருப்பதும் அந்தத் தட்டில் பதிந்திருப்பதும் பெரும்பாலும் ஒரே பகுதிதான்.

எனவே ஒரு ஸ்பீக்கரை மட்டும் மூலையிலிருந்து வெளியே இழுத்து, அப்பாவின் நாற்காலிக்கு நான்கடி தூரத்தில், காது உயரத்தில் வைத்தோம். அருகில் இருந்தால் ஸ்பீக்கரின் நேரொலி முந்திக்கொள்ளும், சுவரின் எதிரொலி பின்தங்கும். பின்சுவரை நிறைத்துப் புத்தக அலமாரி. பக்கச் சுவரில் பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தினோம். புதிதாக ஒரு ரூபாயும் செலவில்லை. தோடி தொடங்கிச் சற்று நேரத்தில், “இப்ப கீழ எறங்குவாரு பாரு” என்றார் அப்பா. இறங்கியது. தட்டு திரும்பும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

கேட்பவருக்கு அடுத்த பிடி எது என்று முன்கூட்டித் தெரியுமளவுக்கு எந்தச் சாதனம் வழிவிடுகிறதோ, அதையே இசைத்தன்மை உள்ளது என்போம். அதற்கு அசலை அறிந்த செவி வேண்டும், அடங்கிய அறை வேண்டும். பெட்டி அவற்றுக்குப் பிறகு.

அப்பாவுக்கு எழுபத்தொன்பது ஆகிறது. நமக்கு நாற்பத்தேழு, 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நமக்கும் எதுவும் கேட்பதில்லை. புதிய ஸ்பீக்கர் ஒன்றைப் பற்றிப் பேச நண்பர் ஒருவர் ஞாயிறன்று வருகிறார். முதலில் அவரை அப்பாவின் நாற்காலியில் உட்காரச் சொல்லலாம் என்றிருக்கிறோம்.